ஆறு மாதத்தில் படித்தது

பிளஸ் டூ முடித்த வருடம் எனக்கு இரண்டு வழி இருந்தது. கவுன்சிலிங்கில் லேப் டெக்னீஷியன் டிப்ளமோவுக்கு அரசு சீட் கிடைத்திருந்தது. விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கி இரண்டு வருடம் படிக்க வேண்டும். இன்னொன்று, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில் நடந்த ஆறு மாத கோர்ஸ். அதன் நோட்டீஸில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே 'ஆறே மாதத்தில் கை நிறைய வேலை' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

என் கூடப் படித்த தோழி அந்த நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திணித்தாள். அவள் வீடு மரக்காணம் கடைத்தெருவில். அவளுடைய அத்தா துபாயில் வேலை பார்த்தார். பாண்டியில் மூன்று வருடம் பி.எஸ்சி. படிப்பதென்று அவள் வீட்டில் முடிவாகியிருந்தது. அவள் படிக்கப் போவதும் லேப் படிப்புதான். இரண்டு பேரும் ஒரே வேலைக்குத்தான் போகப்போகிறோம், நான் முன்னால் போகிறேன், அவள் பின்னால் வருகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் நினைத்தேன்.

"லூசாடி நீ? கவர்மென்ட் சீட்டை யாராவது விடுவாங்களா? ரெண்டே வருஷம்தானே."

"அந்த ரெண்டு வருஷமும் எங்கம்மா உப்புல நிக்கணும்."

"ஆறு மாசத்துல என்னடி சொல்லிக்கொடுப்பாங்க?"

"ரத்தம் எடுக்கறது, மெஷின்ல வைக்கறது, வர்றதை எழுதறது. அதுக்கு எவ்ளோ நாள் வேணும்?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கும் அப்போது தெரியாது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா ஈ.சி.ஆர். ரோட்டில் சைக்கிளில் வரும்போது கார் மோதி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார். அதற்குப் பிறகு நானும் அம்மாவும்தான். தை மாதம் தொடங்கி மழை வரும் வரைக்கும் அம்மா உப்பளத்துக்குப் போவாள். விடிவதற்கு முன்னால் கிளம்பி, வெயில் தலைக்கு ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஆண்கள் பாத்தியில் உப்பை வாரிக் குவிப்பார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, வரப்பு மேல் நடந்துபோய் மேட்டில் கொட்டுவார்கள். கூடையிலிருந்து வழியும் உப்புத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கும். அம்மாவின் குதிகால் வெடிப்புக்குள் ஒரு ரூபாய்க் காசைச் செருகி நிறுத்தலாம். மாலையில் அவள் காலை நீட்டி உட்கார்ந்து அந்த வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவும்போது எழும் முனகலைக் கேட்டுக்கொண்டேதான் நான் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தேன்.

உப்பளத்தில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் வெள்ளையாகப் படுத்துக் கிடக்கிற தரை. ஒரு மரம் இல்லை, புதர் இல்லை. அதனால் அம்மாவும் அவளோடு வேலை செய்த பெண்களும் காலையில் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். பாட்டிலில் எடுத்துப்போகும் தண்ணீரை வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வருவார்கள். இதை யாரும் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் ஆறு மாத கோர்ஸில் சேர்ந்துவிட்டேன் என்று சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்.

"அதுவும் சர்டிபிகேட் தருவாங்க இல்ல பாப்பா?"

"தருவாங்கம்மா. வர்ற தைக்கு நான் வேலையில இருப்பேன். அடுத்த வருஷம் நீ உப்புக்குப் போவ வேணாம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

செல்போன் கடை மாடியில் நாங்கள் இருபது பெண்கள் இருந்தோம். ஒருவர் கையில் ஒருவர் ஊசி போட்டுப் பழகினோம். எனக்கு அது நன்றாக வந்தது. நரம்பு தெரியாத குண்டுக் கையில்கூட விரலால் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். மெஷின் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் பாதி நாள் ஓடாது. எந்த டெஸ்டுக்கு எந்தப் பட்டன், எது வரைக்கும் நார்மல் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்தேன். மார்கழியில் சான்றிதழ் கொடுத்தார்கள். லேமினேஷன் போட்டு, தங்க நிற முத்திரையோடு இருந்தது. அம்மா அதை சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

தை மாதம் மரக்காணத்திலேயே ஒரு லேபில் வேலை கிடைத்தது. பக்கத்திலேயே மருந்துக்கடை. லேப் ஓனர் ஐம்பது வயதுக்காரர், படபடவென்று பேசுவார், கெட்டவர் என்று சொல்ல முடியாது. சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்த டெக்னீஷியன் சான்றிதழில் வேறு யாரோ ஒருவர் பெயர் இருந்தது. அந்த ஆளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்கவும் இல்லை.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அனுமந்தையிலிருந்து மீனவப் பெண்கள் வருவார்கள், உள்கிராமங்களிலிருந்து வயல்காரர்கள் வருவார்கள். என்னைவிட இரண்டு மடங்கு வயதுள்ளவர்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னாங்க மேடம் வந்திருக்குது?" என்று கேட்பார்கள். மேடம் என்று யாராவது கூப்பிட்டால் முதலில் திரும்பிப் பார்க்கவே மாட்டேன். பிறகு பழகிவிட்டது.

ஆனால் அம்மா உப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. என் சம்பளம் இரண்டு பேர் வயிற்றுக்குப் போதும், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனை அடைக்கப் போதாது. "இந்த ஒரு வருஷம் போய்க்கறேன்" என்றாள். அடுத்த வருடமும் அதையே சொன்னாள்.

அந்த இரண்டாவது வருடம் சித்திரையில் ஓனர் டெஸ்டுக்கான மருந்து கிட்டுகளை வேறு கம்பெனியிலிருந்து வாங்க ஆரம்பித்தார். பெட்டியின் நிறம் மாறியது. நான் பழையபடியே வேலை செய்தேன். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கிரியாட்டினின் டெஸ்டில் மட்டும் எண்கள் குறைவாக வந்தன. சிலருக்கு அரைக்கும் கீழே. ஓனரிடம் சொன்னேன்.

"ஏறி வந்தாத்தான்மா பிரச்சினை. இறங்கி வந்தா நல்லதுதானே. ரொம்பக் கம்மியா வந்தா பாயின்ட் ஏழுன்னு போட்டுடு. டாக்டர் கேள்வி கேட்க மாட்டாரு."

போட்டேன். மாதக்கணக்கில் போட்டேன். வந்தவர்கள் எல்லோருக்கும் நார்மல். ஏற்றமே காணோமே என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. நல்ல செய்தி சொல்வது எனக்கு சந்தோஷமாக இருந்தது.

வைகாசியில் அம்மாவின் கால் வீங்கியது. உப்பளத்துப் பெண்களுக்குக் கால் வீங்குவது புதிது இல்லை. ஆனால் சோறு பிடிக்கவில்லை என்றாள், உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாள். உப்பளத்தில் அம்மாவோடு கூடை சுமந்த பக்கத்து வீட்டு அக்கா, "எதுக்கும் பாண்டி பெரியாஸ்பத்திரியில காட்டிடு" என்று சொன்னார். நான்தான், முதலில் நம்ம லேபிலேயே பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிப்போனேன்.

அம்மா லேபுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நான் வேலை செய்யும் நாற்காலியை, மெஷினை, கண்ணாடிக் குழாய்களை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊசி குத்தியபோது, "வலிக்கவே இல்ல பாப்பா" என்றாள். கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்று வந்தது. நார்மல். நானே என் கையால் ரிப்போர்ட்டில் எழுதி, அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"கிட்னி நல்லாருக்குதும்மா. வெயில்தான் உனக்கு ஒத்துக்கல."

மூட்டு வலிக்கும் உடம்பு வலிக்கும் அம்மா மாத்திரை போட்டுக்கொள்வது வழக்கம். உப்பளத்தில் எல்லோரும் அப்படித்தான். ரிப்போர்ட் நார்மல் என்று வந்த பிறகு, தினமும் வேலை முடிந்து வரும்போது அந்த வலி மாத்திரையைப் பக்கத்து மருந்துக்கடையில் நானே வாங்கிவந்தேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அக்கா மறுபடியும் பாண்டிக்குப் போகச் சொன்னபோது அம்மா, "எம்பொண்ணே பார்த்துச் சொல்லிட்டாள்ல" என்று பேச்சை முடித்துவிட்டாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. உப்பளமெல்லாம் வெள்ளக்காடு. வேலை இல்லாமல் வீட்டில் இருந்த அம்மாவுக்கு ஒருநாள் காலையில் மூச்சு வாங்கியது. முகம் உப்பி, கண் பாதிதான் திறந்தது. ஆட்டோவில் ஏற்றி, மழையில் பாண்டிக்குக் கொண்டுபோனோம். அங்கே ரத்தம் எடுத்தார்கள். மதியம் டாக்டர் கூப்பிட்டார். இளம் டாக்டர், பெண். என்னைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார்.

"ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. கிரியாட்டினின் ஒன்பதுக்கு மேல இருக்குது. முன்னாடி எங்கயாவது டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

"வைகாசில பண்ணோம் மேடம். நார்மல்."

"நார்மலா?" ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். "இப்படி ஆறு மாசத்துல இவ்வளவு ஏறாதும்மா, ஸ்கேன்ல கிட்னி சுருங்கியிருக்குது. இது ரொம்ப நாளா இருந்திருக்கும். இந்த ரிப்போர்ட் யார் பண்ணது?"

ரிப்போர்ட்டின் அடியில் என் கையெழுத்து இருந்தது. வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுவார்களா என்று அடுத்து கேட்டார். தினமும் இரண்டு என்றேன். அந்த மாத்திரையே கிட்னியைக் கெடுக்கும் என்று சொல்லி அவர் பேனாவை மேஜையில் வைத்தார்.

என் தோழி அப்போது படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். செய்தி கேட்டு வார்டுக்கு வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னை வராண்டாவுக்கு இழுத்துப்போனாள். எல்லாவற்றையும் சொன்னேன், கிட் மாறியது முதல். அவள் கேட்டாள்:

"புது கிட் பிரிச்சப்ப ஸ்டாண்டர்ட் ஓட்டினியா?"

"அப்படின்னா?"

"கிட்டுக்குள்ள சின்னதா ஒரு குப்பி இருக்கும்டி. ஸ்டாண்டர்டுன்னு எழுதியிருக்கும்."

இருந்தது. எல்லா கிட்டிலும் இருந்தது. அது எதற்கென்று தெரியாமல், பெட்டி காலியானதும் அதோடு சேர்த்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். மெஷினுக்குத் தானாக எதுவும் தெரியாது. அந்தக் குப்பியில் இருப்பதன் அளவு முன்பே தெரியும். புது கிட் வந்ததும் முதலில் அதை ஓட்டி, இதுதான் இந்த அளவு என்று மெஷினுக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது பழைய கம்பெனி மருந்தின் கணக்கையே வைத்துக்கொண்டு தப்பான எண்ணைத் தரும். உனக்குப் பாதியாகக் காட்டியிருக்கிறது, அம்மாவுக்கு அப்போதே இரண்டுக்கு மேல் இருந்திருக்கும் என்றாள்.

"உங்களுக்கு எப்ப சொல்லிக்கொடுத்தாங்க இதை?"

அவள் தயங்கினாள். "ஃபர்ஸ்ட் இயர்ல."

அந்த வராண்டாவில் ஈரத் துணிகளைக் காயப்போட்டிருந்தார்கள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் இருந்திருந்தாலும் உங்க ஓனரு ஓட்ட விட்டிருக்க மாட்டாருடி. மருந்து வீணாவுதுன்னு கத்தியிருப்பாரு," என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். ஆனால் அவள் இருந்திருந்தால், ஓட்டவில்லை என்பதாவது அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அது தெரியவில்லை என்பதுகூடத் தெரியாது.

மறுநாள் லேபுக்குப் போய் ஓனரிடம் சொன்னேன். முதலில் மெஷினைத் திட்டினார், பிறகு கம்பெனியைத் திட்டினார், கடைசியில் என்னை. "சர்டிபிகேட்டைக் காட்டிட்டுத்தானே வேலைக்கு வந்தே?" என்று கேட்டார். சித்திரையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லலாம் என்றேன். லேபை இழுத்து மூடச் சொல்கிறாயா என்றார். அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து ரெஜிஸ்டரை செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை.

போன் நம்பர் இருந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். சிலர் எடுக்கவில்லை. சிலர், நல்லாத்தானே இருக்கிறேன் என்று வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த உப்பளத்துப் பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். தப்பு என்னுடையது என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். ஒருத்தி என் முகத்துக்கு நேராக, "உன்னை நம்பித்தானேடி கையை நீட்டினோம்" என்றாள். பெரும்பாலானவர்கள் திட்டவில்லை. அவர்கள் டெஸ்ட் எடுக்கவும் போகவில்லை. போனவர்களில் இரண்டு பேருக்கு சிறுநீரகத்தில் பாதிப்பு இருந்தது. அதில் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. அம்மாவைப் பாண்டிக்குப் போகச் சொன்ன அதே அக்கா, தனக்கு எங்கள் லேபில் நார்மல் என்று வந்ததால் சும்மா இருந்திருக்கிறார்.

அம்மாவுக்குத் திண்டிவனத்தில் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். காப்பீட்டு அட்டையில் இலவசமாக நடந்தது. போக வர பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கும்போது அந்த செல்போன் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். மாடியில் புதுப் பெண்கள் வரிசையாக நின்று கை நீட்டிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரியும். நான் ரோட்டின் அந்தப் பக்கமாக அம்மாவைக் கூட்டிப்போவேன்.

அம்மாவிடம் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆனது. மெஷினில் அவள் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பகலில், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். குப்பி, கிட் எல்லாம் அவளுக்குப் புரியாது. "வைகாசில நான் பார்த்தது தப்பும்மா. அப்பவே உனக்கு இருந்திருக்குது. மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அப்படியே கேட்டாள்.

"அந்த விழுப்புரம் சீட்டு இருந்துச்சே, அதுல போயிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"எனக்காவத்தானே போவல நீ."

நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். என் மேல் கோபமா, தன் மேல் கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த சான்றிதழைக் காணோம். ஆணி மட்டும் இருந்தது.

டயாலிசிஸ் ஆரம்பித்து ஒன்றேகால் வருடத்தில் அம்மா போய்விட்டாள். மாசி மாதம், உப்பு நன்றாக விளைகிற நேரம். அவளோடு வேலை செய்தவர்கள் பாத்தியிலிருந்து அப்படியே காலில் உப்போடு வந்து நின்றார்கள்.

இப்போது நான் தினமும் மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் போய், பாண்டியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். தோழி ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வருடா வருடம் டிப்ளமோ அப்ளிகேஷன் வந்ததும் லிங்கை அனுப்பிவிடுகிறாள். போன வருடம் பாதி நிரப்பினேன். ஊசி பிடித்துப் பார்க்கலாமென்று அவள் லேபில் ஒருநாள் அவள் கையிலேயே முயற்சி செய்தேன். நரம்பு விரலுக்குத் தெரிந்தது, ஊசியைக் கிட்டே கொண்டுபோனதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "விடுடி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று அவளே ஊசியை வாங்கி வைத்துவிட்டாள்.

மாதம் ஒரு முறை கடையில் லீவு சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அவருக்கு டயாலிசிஸ் இல்லாமல் மாத்திரையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும், வெயிலில் வேலை செய்யக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் டாக்டர் சொல்கிறார். அக்காவும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுகிறார்.

போன வைகாசியில் அப்படிப் போய்த் திரும்பும்போது, பஸ்ஸில் அக்கா என்னிடம் கேட்டார். அவர் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள்.

"அவ நர்ஸிங் படிக்கணும்னு நிக்கிறா. காலேஜின்னா நாலு வருஷமாம். ஆறு மாசம், ஒரு வருஷத்துல முடியறதும் இருக்குதாம். உனக்குத்தான் ரெண்டும் தெரியும். எதுல சேர்க்கறது, நீயே சொல்லு."

"காலேஜுக்கே அனுப்புங்கக்கா," என்றேன். யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். கிராமங்களைத் தாண்டி உப்பளம் ஆரம்பிக்கும் இடம் வந்திருந்தது. மேட்டில் உப்புக் குவியல்களைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இன்னும் நாலு வருஷம் நான் போவணும்," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஒரு வருடத்தில் முடிவதில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நீங்கள் உப்புக்குப் போகலாம் என்றும் சொல்ல முடியவில்லை.

அந்தப் பெண் காலேஜில் சேர்ந்துவிட்டாள். முதல் வருடம் ஹாஸ்டலில் இருக்கிறாள். அக்கா உப்பளத்துக்குப் போகிறார். விடியலில் அவர் கிளம்பும்போது ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுத்து, குடித்துவிடுங்கள் அக்கா என்று சொல்லி அனுப்புகிறேன். இரவு நான் கடையிலிருந்து வந்து பார்க்கும்போது பாட்டில் பாதிக்கு மேல் நிரம்பியபடியே இருக்கிறது. எங்கே போய் ஒதுங்குவது என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்ல?

ரிப்போர்ட் வாங்கியதும் என்னிடம்தான் படிக்கக் கொடுக்கிறார். வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. ஏன் என்னிடம் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "நீ இப்ப பயந்து பயந்து படிக்கிற" என்றார். நான் கிரியாட்டினின் எண்ணை மட்டும்தான் படித்துச் சொல்கிறேன். போன மாதம் இரண்டு புள்ளி நாலு. இந்த மாதம் இரண்டு புள்ளி ஒன்பது.